ஓதீல் குடித்த அரைக் கிண்ணம்

தியெஸ்,
ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை

அன்பு மகன் ரெமிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே பெரியவர் சின்னவர் எல்லோரும் சுகமாக இருக்கிறோம், கடவுள் புண்ணியத்தில் வீட்டில் படுத்தவர் யாருமில்லை. நீயும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலையில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று காலை மாலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் போன் இருக்க அம்மா எதற்குக் காகிதத்தைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம், காகிதத்தில் அது நடக்காது. மேல்தெரு அல்போன்ஸ் வெள்ளிக்கிழமை மிலானுக்குப் புறப்படுகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் உலர்மீன் ஒரு பொட்டலமும் வரும். மீனைப் பொது அடுப்பங்கரையில் வறுக்காதே, போன தடவை உன்னோடு தங்கியிருப்பவர்கள் வீட்டுக்காரனிடம் போய்ச் சொன்னது போதும்.

உன் அப்பாவுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து நன்றாக வேலை செய்கிறது, இப்போது ரேடியோவைத் திருகுவதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை, ஆனால் சத்தத்தைக் குறைக்கத்தான் யாரையும் விடுவதில்லை. உன் மகள் கிளாரிஸுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள், பார்க்கப் பெரிய மனுஷி மாதிரி இருக்கிறது. பின்கட்டு மாமரம் இந்த வருஷம் பூத்ததோடு சரி, காற்று எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டது. உன் அக்கா பெயாத்ரிஸ் டக்காரிலிருந்து பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, அவளை நீயே கேள், நான் கேட்டால் சண்டையாகிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டி ஓதீலுக்கு நீ அனுப்பிய குரல் செய்தியை நானும் கேட்டேன். அவளாக எனக்குப் போட்டுக் காட்டவில்லை. அடுப்படியில் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள், கையெல்லாம் செதில், அதனால் போனை மேசையில் வைத்தபடியே கேட்டாள். நீ கத்திய கத்தல் முற்றம் வரைக்கும் வந்தது. எதிர்வீட்டுக் கும்பா வாட்ஸ்அப்பில் போட்ட படத்தை நீ பார்த்துவிட்டாய், ஓதீல் கிண்ணத்தை வாயில் வைத்திருக்கிறாள், உதட்டின் மேல் நம் பெரிய வெள்ளிக் கடலைக் கூழ், அந்த ங்கலாக், ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான், “வயித்த வெட்டிக்கிட்டது இதுக்குத்தானா? சக்கரத் தண்ணியக் குடிச்சுட்டுச் சாகப் போறியா? ஒரு வெள்ளிக்கிழம நாக்க அடக்க முடியலயா உன்னால? எங்கம்மா என்ன செஞ்சுக்கிட்டிருந்தாங்க?” என்று ஆரம்பித்துவிட்டாய். படத்தில் இருப்பது பொய்யில்லை மகனே. அவள் குடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாக உட்கார்ந்து படி.

எடை குறைய வயிற்றைச் சின்னதாக்கும் அறுவை முடிந்து வந்த இந்த ஒன்றரை வருஷமாக அவள் இந்த வீட்டில் எப்படி இருக்கிறாள் என்பதை முதலில் கேள். நாம் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுத் தருகிறேன், நீ உன் பாட்டுக்குச் சாப்பிடு என்று நான் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். நம்மோடுதான் உட்காருவாள், தன் பக்கத்துச் சோற்றில் ஒரு கைப்பிடியைப் பிரித்து வைத்துக்கொள்வாள், மற்றதை உன் அப்பா பக்கம் ஒதுக்கிவிடுவாள். என் கை பழக்கத்தில் மீன் துண்டுகளை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், இரண்டைத் தின்றுவிட்டு மூன்றாவதைச் சத்தமில்லாமல் என் பக்கமே தள்ளிவிடுவாள். நாங்கள் தட்டைக் காலி செய்யும் நேரத்தில் அவள் அந்த ஒரு பிடியை மென்றுகொண்டிருப்பாள், ஆனாலும் கடைசி ஆள் கை கழுவும் வரை எழுந்திருக்க மாட்டாள். டீ போட்டால் முதல் சுற்றுக் கசப்பு டீயில் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள், இனிப்பு ஏற ஏற மற்ற இரண்டு சுற்றுக்கும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சில் மட்டும் கலந்துகொள்வாள். நீ சொன்னாய் என்று சர்க்கரையை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேனே, ஒருநாள் கிளாரிஸின் கஞ்சிக்குச் சர்க்கரை வேண்டும் என்று சாவியைக் கேட்டாள். போட்டு முடித்ததும் பூட்டிச் சாவியைத் திரும்ப என் கையிலேயே கொடுத்தாள், ஒரு முகச்சுளிப்பு கிடையாது. எனக்குத்தான் கூசிப்போயிற்று. அன்றோடு அந்த அலமாரியைப் பூட்டுவதை விட்டுவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் ஈஸ்டருக்குக் கோயிலில் பாடற்குழு மாடிக்கு ஏற முடியாமல் கீழே தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பாடியவள் அவள். இப்போது ஏறுகிறாள். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள், பிறகு ஏறிவிடுவாள். மேலிருந்து அவள் குரல் வந்ததும் உன் அப்பா, கோயிலுக்குள் பேசக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், பக்கத்து ஆளிடம் திரும்பி “எங்க மருமக” என்கிறார்.

இனி தெருக் கதை. அறுவையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று நீதான் சொன்னாய், நாங்களும் வயிற்றுப்புண் வைத்தியம் என்று சொல்லி வைத்தோம். சொன்னால் தெரு விட்டுவிடுமா? பெண் இளைக்க இளைக்கப் பேச்சு ஊறியது. வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டி பூசின மாதிரி இருந்தால்தான் புருஷன் நன்றாக வைத்திருக்கிறான் என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா. இத்தாலியில் நீ இன்னொருத்தியை வைத்திருக்கிறாய் என்றார்கள், ஓதீலுக்கு இரத்தத்தில் கெட்ட நோய் என்றார்கள், மாமியார்க்காரி சோறு போடுவதில்லை என்றும் ஒரு பேச்சு வந்தது, அது என் காதுக்கே வந்தது. மனசு கெட்டவர்கள் இல்லை பாவம், இரக்கப்பட்டார்கள், அதுதான் தொல்லையே. கும்பாவின் அம்மா வாரம் தவறாமல் இனிப்புத் தயிரில் கம்பு ரவை ஊற வைத்துக் கொண்டுவந்து “இதச் சாப்பிட்டாத்தான் ஒடம்பு பிடிக்கும்மா” என்று பக்கத்திலேயே நிற்பாள். ஒருத்தி பேரீச்சம்பழம், இன்னொருத்தி எண்ணெய்ப் பணியாரம். ஓதீல் இரண்டு கையாலும் வாங்குவாள், நன்றி சொல்வாள், அவர்கள் முதுகு திரும்பியதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள். நம் தெருவில் சர்க்கரையைப் போல மறுக்க முடியாத பொருள் வேறு எதுவும் இல்லை.

இதில் எல்லோரையும் விட மோசம் பண்ணியவர் எதிர்வரிசைத் தியெர்னோ, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று நாளெல்லாம் வேப்பமரத்தடியில் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர். அவர் இனத்து ஆட்களுக்கும் நம் செரேர் இனத்து ஆட்களுக்கும் முப்பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை, ஒருவரை ஒருவர் அடிமை என்று கிண்டல் செய்தால்தான் சொந்தம். ஓதீலை நீ கல்யாணம் செய்து இந்தத் தெருவுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து அவள் தலை தெரிந்தால் போதும், “சட்டிய மூடுங்கடா, என் அடிமை வர்றா, சோத்தோட சேத்துக் கரண்டியையும் முழுங்கிடுவா!” என்பார். இவளும் விட மாட்டாள், “அடிமைக்குச் சோறு போடத் துப்பில்லாத எஜமான நான் எங்கயும் பாத்ததில்ல மாமா, உங்க மாட்ட வித்தாவது எனக்கு அரிசி வாங்கிப் போடுங்க” என்பாள். தெருவே நின்று கேட்கும். அவள் இளைக்கத் தொடங்கிய பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் குறைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருக்கிறாள்.

பெரிய வெள்ளிக்கு வழக்கம்போல முதல் நாளே வேலையைத் தொடங்கினோம். நிலக்கடலை வறுத்து அரைத்து, பப்பரப்புளிப் பழச் சதையை ஊற வைத்துக் கரைத்து வடிகட்டி, கம்பு ரவையை ஆவியில் வேக வைத்து, ஜாதிக்காய் தட்டிப் போட்டு, வாளி வாளியாகக் கலக்கினோம். இந்த வீட்டு ங்கலாக்குக்குத் தெருவில் பெயர் இருக்கிறது என்றால் அது ஓதீலின் நாக்கால். புளிப்புக்கு எவ்வளவு, இனிப்புக்கு எவ்வளவு என்று எனக்கு வருஷம் முழுக்கச் செய்தாலும் வராது. போன வருஷம் நான் பார்த்த ருசி சரியாக வரவில்லை, இந்த வருஷம் யார் பார்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் ஒரு தகரக் குவளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கரண்டியால் ஒரு சொட்டு நாக்கில் விடுவாள், கண்ணை மூடுவாள், குவளையில் துப்புவாள், இன்னும் கொஞ்சம் போடு என்பாள். நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, “நாக்கு என்னோடதுதான் அத்தை, வயித்தத்தான வெட்டினாங்க” என்று சிரித்தாள். சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே தனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் இனிப்பில்லாததை எடுத்து மூடி வைத்துக்கொண்டாள். வாளியில் இருந்ததை நான் குடித்துப் பார்த்தேன். எல்லா வருஷத்தையும் விட நன்றாக இருந்தது, உன்மேல் ஆணை.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் முஸ்லிம் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினோம், தியெர்னோ வீட்டுக்கு மட்டும் எப்போதும் போல் அவளே எடுத்துப் போனாள், நானும் கூடப் போனேன். வருஷா வருஷம் அந்த இடத்தில் ஒரு நாடகம் நடக்குமே, “பாதிய வழியிலயே குடிச்சிருப்பியே, வாளிய எடை போடுங்கடா” என்று அவர் கத்துவதைக் கேட்கவே நாலு பேர் காத்திருப்பார்கள். இந்த வருஷமும் காத்திருந்தார்கள். அந்த மனுஷன் முக்காலியை விட்டு எழுந்தார், இரண்டு கையாலும் வாளியை வாங்கினார், தலை குனிந்துகொண்டு, “அல்லா உனக்குச் சொகத்தக் குடுக்கட்டும்மா. வெயில்ல நிக்காத, இப்படி நெழல்ல உக்காரு” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மகனே, நம் கேலி முறையில் சாவு வீட்டில் பிணத்தைக்கூடக் கிண்டல் செய்வார்கள், அழுகிறவர்களே சிரிப்பார்கள். பிணத்தையே விடாத மனுஷன் இவளை விட்டுவிட்டார்.

அவள் திரும்பி வந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் முகத்தில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். கிழவனுக்கு வயசாயிற்று, விடு என்றேன். “குண்டா இருந்தப்போ என்னப் பாத்துச் சிரிச்சாங்க அத்தை, எனக்கு ஒருநாளும் வலிச்சதில்ல. இப்ப யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்களே, இதுதான் தாங்க முடியல” என்றாள். பிறகு முகத்தைக் கழுவினாள். ஒரு கிண்ணத்தை எடுத்தாள். தன் சின்னச் சட்டியைத் திறக்கவில்லை, நேரே பெரிய வாளியில் முக்கினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன், அப்போது என் காதில் கேட்டது உன் குரல்தான். அவள் கோபப்படவில்லை. “மத்தியானம் மீன் சாப்பிட்டு நேரமாச்சு, வெறும் வயிறு இல்ல. டாக்டரம்மாகிட்டப் போன மாசமே பண்டிகையப் பத்திக் கேட்டுட்டேன். மொத மாசங்கள்ல ஆகவே ஆகாது, இப்ப விஷம் இல்ல, ஆனா சிநேகிதமும் இல்லன்னாங்க. மடமடன்னு குடிச்சா நேராக் குடலுக்குப் போய்ப் படபடன்னு அடிக்கும், வேர்த்துக் கொட்டும். கொஞ்சமா, மெதுவா, ஒடம்பு போதும்னா அங்கயே நிறுத்தணும்னாங்க. இப்பக் கைய விடுங்க அத்தை, சிந்தப் போவுது” என்றாள். நான் விட்டுவிட்டேன்.

கிண்ணத்தோடு தெருவைக் கடந்து போய் அவர் எதிரிலேயே பலகையில் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி, பாடற்குழுக் குரலில் சொன்னாள்: “மாமா, என் வயித்த டாக்டருங்க வெட்டிட்டாங்க. நானாப் போய்க் கேட்டு வெட்டிக்கிட்டேன். எனக்கு நோயும் இல்ல, எம் புருஷன் என்னத் தள்ளியும் வெக்கல, எங்க அத்தை சோறு போடாமயும் இல்ல. முட்டி தாங்கல. எங்கம்மாவுக்குச் சக்கர நோயில கால எடுத்தாங்க, எனக்கும் எடுக்கக் கூடாதுன்னு வெட்டிக்கிட்டேன். இன்னொரு தடவ எனக்கு இப்படி துஆ கேட்டீங்கன்னா இந்தத் தெருவுல நான் நடக்கவே மாட்டேன்.” இத்தனை நாள் மூடி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டதே என்று நான் தெருவைச் சுற்றிப் பார்த்தேன். தியெர்னோ கையிலிருந்த டீக்கோப்பையைக் கீழே வைத்தார். “வெட்டிட்டாங்களா? என் அடிமையோட வயிறு என் சொத்தாச்சே! எஜமானக் கேக்காம எவன் வெட்டினான்? வெட்டின மிச்சம் எங்க?” என்று கத்தினார் பார். இவள் உடனே, “அதுக்குள்ள ஒரு மூட்ட அரிசி இருந்துச்சு மாமா, டாக்டருங்களே ஆக்கித் தின்னுட்டாங்க” என்று சொல்லிக் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். தெரு அதிர்ந்தது. கும்பாவின் அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கும்பா படம் எடுத்தது அப்போதுதான். நீ அந்தப் படத்தை இன்னொரு முறை பார், கிண்ணத்தைப் பார்க்காதே, அவள் கண்ணைப் பார். பின்னால் மங்கலாக ஒரு தொப்பி தெரியும், அது தியெர்னோ, சிரிப்புத் தாங்காமல் குனிந்துவிட்டார்.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு வாய்க்குப் பிறகு கரண்டி வாங்கிக்கொண்டு துளித்துளியாகக் குடித்தாள், பேச்சும் சிரிப்பும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. பாதிக் கிண்ணத்தில் கரண்டியை வைத்துவிட்டாள். மிச்சத்தைத் தியெர்னோ பிடுங்கிக்கொண்டு, “அடிமை மிச்சம் வெச்சு நான் பாக்கறது இதான் மொதத் தடவ” என்று குடித்தார். வீட்டுக்குள் வந்ததும் அவள் நெற்றியெல்லாம் வேர்வை, பாயில் படுத்து நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டாள், தொட்டுப் பார்த்தேன், குதிரை ஓடுகிற மாதிரி அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது, விசிறிக்கொண்டே தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டேன். அவள்தான் என்னைத் தேற்றினாள், “பயப்படாதீங்க, இது அடங்கிடும். கால் கிண்ணத்துலயே நிறுத்தியிருக்கணும், இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றாள். அடங்கிவிட்டது. எழுந்து குளித்து, கறுப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், மாடி ஏறி, இயேசு பட்ட பாடுகளின் பாட்டைப் பாடினாள். ரெமி, நான் உன்னைப் பெற்றவள், இருந்தும் சொல்கிறேன், உனக்கும் எனக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

திங்கட்கிழமை கும்பாவின் அம்மா பழக்கத்தில் இனிப்புத் தயிரோடு வந்தாள். ஓதீல் வாசலிலேயே, “இன்னிக்கு வேண்டாம் அக்கா, மீன் இருந்தாக் குடுங்க” என்றாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை, தயிரை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய் உண்மையாகவே இரண்டு மீன் கொண்டுவந்தாள். இத்தனை மாசம் வாங்கி வாங்கி ஒளித்துக் கொடுத்ததெல்லாம் போய், ஒரு வார்த்தையில் முடிந்தது. வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு வேண்டாம் என்றும் சொல்லத் தெரிகிறது. அவளுக்கு இனிப்புக் கொடுக்கலாமா கூடாதா என்று நீயும் நானும் போனில் எத்தனை முறை பேசியிருப்போம், ஏதோ சின்னப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. இனி என்னிடம் அதைக் கேட்காதே. நான் காவல்காரி வேலையை விட்டுவிட்டேன்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது, வாயால்தான் தொட வேண்டியிருக்கிறது, அதனால் குரல் உயர்ந்துவிடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் செய்தி முடிந்ததும் அவள் என்ன சொன்னாள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். மீனை ஆய்வதை நிறுத்தாமலே சொன்னாள், “ஒன்றர வருஷமா என் வயித்தப் பத்தித்தான் கேக்கறாரு அத்தை. நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவகூடக் கேக்கல.” அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன், அழுகிறவள் சமாதானம் ஆகிவிடுவாள். அவள் அழவில்லை. அன்றிலிருந்து உன் அழைப்பை அவள் எடுக்கவில்லை, எடு என்று நானும் சொல்லவில்லை.

கடவுள் உன் கை கால்களுக்குப் பலம் தரட்டும், தீயவர் கண்ணிலும் வண்டிச் சக்கரத்திலும் படாமல் உன்னைக் காக்கட்டும், நீ போன வழியிலேயே சுகமாகத் திரும்பி இந்த வாசலில் வந்து நிற்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது, கிளாரிஸ் ஒரு முத்தம் வைக்கச் சொன்னாள், ஓரத்தில் இருக்கும் கறை அதுதான். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் கூப்பிடு, நான் எடுத்து அவள் கையில் கொடுக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது. என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்காதே. வேறு என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், கல்யாணத்துக்கு முன்னால் போன் கார்டு தீரத் தீர வாங்கிக்கொண்டு போய் அவளிடம் மணிக்கணக்காக என்ன பேசினாயோ, அதையே பேசு.

உன் அம்மா
அகாத்